‘டேக் ஆஃப்’ என்றொரு அற்புதம்

‘டேக் ஆஃப்’ மாதிரி ஒரு வினை ஆங்கிலத்தில் இன்னொன்று கிடைக்குமா! விமானம் டேக் ஆஃப் ஆகும். சட்டையைக் கழற்றினாலும் டேக் ஆஃப். வெள்ளிக்கிழமை லீவு போடுவதும், கடைக்காரர் விலையில் 50 ரூபாய் குறைப்பதும், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் கிளம்பிப் போவதும் அதேதான்.

நான் சொக்கிப்போனது ‘ஆஃப்’ என்ற அந்தப் பொடிச் சொல்லில். சேர்ந்திருந்தது விட்டு விலகுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. ஓடுதளத்தை விட்டுச் சக்கரம், உடம்பை விட்டுச் சட்டை, வேலைநாள் கணக்கை விட்டு வெள்ளிக்கிழமை. இது பிடிபட்டதும், அகராதியில் எண் போட்டு அடுக்கிய பொருள்களில் பெரும்பாலானவை ஒரே குடும்பமாகத் தெரிந்தன. எப்பேர்ப்பட்ட சந்தோஷம் அது!

அதன் இலக்கணம் இன்னும் அழகு. ‘டேக் ஆஃப் யுவர் ஷர்ட்’ என்றும் சொல்லலாம், ‘டேக் யுவர் ஷர்ட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் சட்டை ‘இட்’ ஆகிவிட்டால் அது நடுவில் வந்து உட்கார்ந்தே தீரவேண்டும்: ‘டேக் இட் ஆஃப்’. ‘டேக் ஆஃப் இட்’ என்றால் காது ஒப்பாது. விமானத்துக்கோ செயப்படுபொருளே கிடையாது. உச்சரிப்பையும் கவனியுங்கள்: வினையாக வந்தால் அழுத்தம் ‘ஆஃப்’ மேல், பெயராக வந்தால் ‘டேக்’ மேல். விமானத்தில் அறிவிப்பு வரும்போதெல்லாம் இதற்காகவே காதைத் தீட்டிக்கொள்வேன்.

இப்படி வினையும் பொடிச் சொல்லும் சேரும் வகைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது லோகன் பியர்சால் ஸ்மித்தின் 1925-ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு. சங்கதி அதைவிடப் பழசு. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டாரை மிகவும் திணறடிப்பவை இந்தச் சேர்க்கைகள்தான் என்று சொல்லி ஒரு பட்டியல் தருகிறார். அதைப் படித்தபோது துள்ளிக் குதித்தேன். நம்முடைய டேக் ஆஃப் அதில் இருக்கிறது! விமானமே இல்லாத காலம். அவர் தரும் பொருள், நகல் செய்வது. ஒருவரைப் போலவே பேசி நடித்துக்காட்டுவதை பிரிட்டனில் இன்றைக்கும் டேக் ஆஃப் என்கிறார்கள்.

விமானம் வந்தபின் சொல் எங்கெங்கோ பறந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரம் தானாக வளரத் தொடங்கும் கட்டத்துக்குப் பொருளியல் அறிஞர் ரோஸ்டோவ் 1960-இல் வெளியிட்ட நூலில் வைத்த பெயரும் டேக் ஆஃப்தான். நம் தியேட்டர் வாசலிலும் அது ஒலிக்கிறது: “இன்டர்வலுக்கு அப்புறம்தான் படம் டேக் ஆஃப் ஆகுது.” என்ன கச்சிதமான பிரயோகம்!