கோல்ட்ஸ்டைன்: இரண்டாம் பதிப்பா, மூன்றாம் பதிப்பா?

பேராதனையில் பௌதிகவியல் படிக்கும் அக்குறணைப் பிள்ளைகள் மூன்றாம் வருடத்தை நெருங்கும்போது ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைனின் ‘கிளாசிக்கல் மெக்கானிக்ஸ்’ புத்தகத்தில் எந்தப் பதிப்பை வாங்குவது? புதியதுதான் நல்லது என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக விரித்து வைத்துப் படித்தபின் என் பதில் வேறு.

முதற்பதிப்பு 1950இல் வெளிவந்தது. இரண்டாவது 1980இல். மூன்றாவதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சார்ள்ஸ் பூல், ஜோன் சாஃப்கோ ஆகிய இருவரும் சேர்ந்து திருத்தினார்கள். நம் கைக்கு எட்டுபவை பெரும்பாலும் இந்திய அச்சுகள்: இரண்டாவது நரோசா, மூன்றாவது பியர்சன்.

மூன்றாம் பதிப்பில் கேயாஸ் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. மூவுடல் சிக்கலுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். சார்பியல் அத்தியாயத்தில் காலத்தைக் கற்பனை எண்ணாக எழுதும் பழைய வழக்கம் போய்விட்டது. மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி. பயிற்சிகளையும் நிறுவல்கள், கணக்குகள் என்று பிரித்திருப்பதால் பரீட்சைக்குத் தயாராவது சுலபம்.

ஆனால் இரண்டாம் அத்தியாயத்தின் நான்காம் பிரிவில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தரையில் சாயாமல் நிமிர்ந்தபடி, வழுக்காமல் உருளும் ஒரு வட்டத்தட்டை எடுங்கள். மையத்தின் இடத்துக்கு இரண்டு ஆள்கூறுகள், திரும்பிய திசைக்கு ஒன்று, சுழன்ற கோணத்துக்கு ஒன்று. உருள்வதால் வேகங்களுக்கிடையே இரண்டு சமன்பாடுகள் வருகின்றன. அவற்றைத் தொகையிட்டு ஆள்கூறுகளுக்கிடையிலான உறவாக மாற்ற முடியாது. தட்டை ஒரு சுற்று உருட்டி அதே இடத்துக்கும் அதே திசைக்கும் கொண்டுவந்தாலும் சுழன்ற கோணம் வேறாக இருக்கலாம். இரண்டாம் பதிப்பு இத்தகைய கட்டுப்பாட்டை நுண்பெயர்ச்சிகளின் நேரியல் உறவாக எழுதி, அதன்பிறகே பெருக்கிகளைச் சேர்க்கிறது. விடை சரியாக வருகிறது. மூன்றாம் பதிப்பின் ஆரம்ப அச்சுகளோ வேகங்கள் அடங்கிய பொதுவான சார்பை எடுத்து, ஹமில்டன் தத்துவத்துக்குள் நேராகப் போட்டுவிடுகின்றன. அப்படிச் செய்தால் உருளும் தட்டுக்கு இயக்கச் சமன்பாடுகள் பிழையாக வரும். எம். ஆர். ஃபிளானரி 2005இல் ‘அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் பிசிக்ஸ்’ இதழில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். பிந்திய அச்சுகளில் அந்தப் பகுதியைத் திருத்தினார்கள். பல வருடம் தாக்குப்பிடித்த சரியான பகுதியைத் திருத்துகிறோம் என்று கெடுத்தது எனக்கு இன்றும் மனவருத்தம்தான்.

இன்னொரு இழப்பும் உண்டு. இரண்டாம் பதிப்பில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் மேலும் படிக்க வேண்டிய நூல்கள் ஒவ்வொன்றையும் பற்றிக் கோல்ட்ஸ்டைன் தம் கருத்தை எழுதியிருப்பார்: எது ஆழமானது, எதை எதற்காகப் புரட்டலாம் என்று. விரிவுரையாளரைத் தேடி அலைய முடியாமல் வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு அது பக்கத்தில் ஓர் ஆசிரியர் இருப்பதற்குச் சமம். மூன்றாம் பதிப்பு அந்தக் குறிப்புகளை எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு நூற்பட்டியலோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆகவே வாங்குவதானால் இரண்டாம் பதிப்பு. மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். வாங்குமுன் அடிப்பக்கங்களில் ஈரக்கறை இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டிலும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். பிங்கா ஓயா பெருகி நகருக்குள் தண்ணீர் வருவது அக்குறணைக்குப் புதிதல்ல. கேயாஸ் அத்தியாயத்துக்கு மட்டும் மூன்றாவதை நூலகத்தில் இரவல் எடுத்தால் போதும். ஏற்கெனவே மூன்றாவது கையில் இருந்தால் அந்த நான்காம் பிரிவைத் திருத்திய அச்சா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லக்ராஞ்சியனை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, ஜோன் டெய்லரின் 2005ஆம் ஆண்டுப் புத்தகத்தில் தொடங்குவதே நல்லது.

பட்டம் முடித்து வெளிநாடு போகும் தம்பி தங்கைகளே, உங்கள் பழைய பிரதியை அடுத்த வருடத்துப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.