காலியே இல்லாத ரேம்

லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளையைத் தட்டினால் புதியவர்களுக்குப் பகீரென்றிருக்கும். 16 ஜிபி ரேமில் காலி இடம் அரை ஜிபிகூடத் தேறாது. பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள 'அவைலபிள்' எண்ணை.

காலி இடம் குறைவதற்குக் காரணம் இதுதான்: ஒருமுறை படித்த ஃபைலை லினக்ஸின் மையமான கெர்னல் 4 கேபி பக்கங்களாக ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. பெரிய லாக் ஃபைலில் ஒரு சொல்லைத் தேடுங்கள்; முதல் தடவை டிஸ்க் திணறும். உடனே மறுபடி தேடினால் கண்ணிமைப்பதற்குள் விடை. வேறு புரோகிராம் இடம் கேட்டால், வெகுநேரம் யாரும் தொடாத பக்கங்களைப் பெரும்பாலும் முதலில் கழற்றிவிடும். இதையெல்லாம் துடைத்தெறியும் 'ரேம் கிளீனர்'களை என்னால் சகிக்க முடியாது.

எழுதுவதில்தான் கெர்னலுக்கு அசாத்தியத் துணிச்சல். 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிட்டு, மாறிய பக்கங்களை வழக்கமாகச் சுமார் 30 விநாடி கையிலேயே வைத்திருக்கும். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். டேட்டாபேஸ்கள் விவரமானவை, 'எஃப்சிங்க்' அழைப்பைப் போட்டு, எழுதியது டிஸ்கில் இறங்கிய பிறகே நகர்கின்றன.