வெள்ளைத் துப்பட்டியும் வெற்றுத் தாளும்

ஒரு சிறுகதையில் "ராவுத்தர் வந்தார்" என்று ஒரு வரி இருந்தால் போதும். படம் வரைபவர் ஒரு குல்லாவையும் ஒரு தாடியையும் கட்டம் போட்ட கைலியையும் வரைந்து தம் வேலையை முடித்துவிடுவார். வந்தவர் மாந்தோப்புக் குத்தகைக்காரரா, பள்ளி ஆசிரியரா, கடன் கேட்க வந்தவரா, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வந்தவரா என்பதெல்லாம் கதைக்குள் இருக்கும்; படத்தில் இராது. பெண் பாத்திரமாயின் இன்னும் எளிது: தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு. நாமும் அதனைப் பார்த்துப் பக்கத்தைப் புரட்டியே பழகிவிட்டோம். கதாசிரியர் நம்மைத் தவறாக எழுதினால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற நாம், ஓவியர் நம்மை வரையாமலே விட்டதைக் கவனித்தோமில்லை.

இந்த எண்ணம் எழக் காரணமானவள் பெரியகுளத்துப் பெண்ணொருத்தி. எனக்குத் தங்கை மகள் முறை. சென்னையில் ஓவியம் பயில்கிறாள். இறுதியாண்டுப் பணியாக ஒரு படக்கதை நூலைத் தீட்டி வருகிறாள். பெயரைச் சொல்ல வேண்டாமென்று அவளே கேட்டுக்கொண்டாள். கதை அவளுடைய நன்னியை, அதாவது தாயைப் பெற்ற பாட்டியைப் பற்றியது. தென்கரையிலிருந்து ஓர் அம்மையார் ஓலைக்கொட்டானில் மாம்பழம் எடுத்துக்கொண்டு, வராக நதியைத் தாண்டி, வடகரையில் வாழ்க்கைப்பட்ட மகளைப் பார்த்துவரப் போகிறார், மாலையில் திரும்புகிறார். அவ்வளவுதான். விடுமுறைக்கு ஊர் வந்தவள், பாத்திரங்களை உருவாக்கிப் பார்த்த மூன்று வரைபுத்தகங்களையும் என் முன் வைத்து, "மாமு, ஒளிக்காமச் சொல்லுங்க" என்றாள். ஒளிக்காமலே எழுதுகிறேன்.

முதற் புத்தகம் முறைப்படியான வேலை. நன்னி முன்புறமாக, பக்கவாட்டில், பின்புறமாக. நன்னி சிரிக்கும்போது, சினக்கும்போது, களைத்திருக்கும்போது. கோடுகளில் குறை காண முடியாது. குறை நன்னியிடத்தில்தான். அங்கேயிருந்தவர் கறுப்பு அங்கி அணிந்த ஒரு மூதாட்டி. அவர் எந்த ஊரிலும் இருக்கலாம். தென்கரையில் மட்டும் இருந்திருக்க முடியாது. "உன் நன்னி எப்போதம்மா கறுப்பு உடுத்தினார்கள்?" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "கறுப்பா இருந்தாத்தான் பாக்குறவங்களுக்கு முஸ்லிம்னு தெரியும்னு நெனச்சேன் மாமு" என்றாள்.

அந்த விடை என்னைச் சுட்டது. சொந்தப் பாட்டியை வரைய உட்கார்ந்த பெண்ணின் கையை, அவள் பார்த்து வளர்ந்த பத்திரிகைப் படங்களும் திரைப்படங்களும் பிடித்து நடத்தியிருக்கின்றன! பெரியகுளம், உத்தமபாளையம், கம்பம் என்று இந்தப் பள்ளத்தாக்கு நெடுகிலும் முந்தைய தலைமுறைப் பெண்மணிகள் வீட்டைவிட்டு வெளியே புறப்பட்டால், வண்ணச் சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டே புறப்பட்டனர். காது மடல் நெடுக அலுக்கத்து, கழுத்தில் கருகமணி. கறுப்பு அங்கி இங்குப் பரவலானது பின்னாளில்தான். இரண்டில் எது சிறந்தது என்ற வாதம் இக்கட்டுரைக்கு வேண்டா. எது இருந்தது என்பதே ஓவியரின் கேள்வி.

அடையாளச் சின்னத்தை நம்பிப் படம் வரைவது சோம்பல் மட்டுமே என்று தள்ளிவிடவும் நான் துணியமாட்டேன். அதற்கு ஒரு தொழில் நியாயம் உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது மணியம் படங்கள் தீட்டினார். வாரத்துக்கு ஒரு முறை கதையைத் தொடரும் வாசகர், பெயரைப் படிக்குமுன்பே ஆளை அடையாளம் கண்டாக வேண்டும். நந்தினி என்றால் அந்தக் கொண்டை; பின்னாளில் வேறு ஓவியர்கள் அக்கதைக்குப் படம் போட்டபோதும் அவர் வகுத்த சாயலிலிருந்து விலகுவது எளிதாக இருக்கவில்லை. ஆனால் நந்தினியின் கொண்டை நந்தினி ஒருத்திக்கே உரியது. குல்லாவோ ஒரு கூட்டம் முழுமைக்கும் உரியது. ஆகவே அது எவரையும் காட்டுவதில்லை. பாத்திரம் படைப்பதற்கும் சாதிச் சான்றிதழ் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அச்சுக் கூடத்துக்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆப்செட் அச்சு பரவுமுன் பத்திரிகைப் படங்கள் துத்தநாகத் தகட்டை அமிலத்தால் அரித்தெடுத்த பிளாக்குகளால் அச்சாயின. கோட்டு பிளாக்கில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு. இடைப்பட்ட சாம்பல் கிடையாது. சாம்பல் வேண்டுமாயின் புள்ளிகளாலான ஆப்டோன் பிளாக் வேண்டும். மலிவுத் தாளில் அப்புள்ளிகள் மையில் ஊறி முகமெல்லாம் அப்பிப் போகும். இத்தகைய அச்சுக்குக் கறுப்பு அங்கி மிக வசதியானது. தூரிகையால் ஒரே இழுப்பு. வெண்துணியின் மடிப்புக்கோ மெல்லிய நிழல் வேண்டும்.

அந்த வெண்துணிதான் அவளுடைய இரண்டாம் புத்தகம் முழுவதும். என் மதிப்பில் மூன்றனுள் இதுவே உயர்ந்தது. இதில் முடிந்த படம் ஒன்றுகூட இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தாளில் வெள்ளைத் துணியை எப்படி வரைவது? முதலில் பென்சிலால் புறக்கோடு மட்டும் இழுத்திருக்கிறாள். விளைவு அச்சம் தருவது: கபனிட்ட மய்யித்து ஒன்று எழுந்து நடப்பது போன்றிருந்தது. அவளும் அதனைக் கண்டிருக்க வேண்டும். பக்கத்தின் குறுக்கே கோடிட்டு அடித்திருக்கிறாள். அடுத்துப் பழுப்புத் தாளில் வெள்ளைப் போஸ்டர் வண்ணம். அது சுண்ணாம்பு பூசிய சுவரைப்போல் கனத்து நின்றது. அடுத்து மெழுகுவர்த்தியைத் தாளில் தேய்த்து, மேலே நீர்த்த இந்தியன் இங்க்கைப் பரப்பியிருக்கிறாள். மெழுகு பட்ட இடத்தில் மை ஒட்டாது. மடிப்புகள் வெண்கீற்றுகளாகத் தாமே எழுந்தன. அழகுதான். ஆனால் மெழுகு பட்ட தாளில் பிறகு பேனா ஓடாது. ஒரு விரலைத் திருத்தவும் வழியில்லை.

போடிப் பக்கத்து இலவம் பஞ்சைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. மையில் தோய்த்து ஒற்றலாம் என்று எடுத்திருக்கிறாள். பருத்திப் பஞ்சு நீரைக் குடிக்கும். இலவம் பஞ்சின் இழையில் இயற்கையாகவே மெழுகுப் பூச்சு இருப்பதால் அது குடிக்காது. எனவே மை தாளில் திட்டுத் திட்டாகச் சிதறிற்று. துணிக்கு அது உதவவில்லை. நாலு பக்கம் தள்ளி அதே சிதறலை ஆற்றங்கரை மரத்து நிழலுக்குப் பயன்படுத்தியிருக்கிறாள். கரித்தூளைத் தாளில் பரப்ப அதே இலவம் பஞ்சு பட்டுப்போல் உதவியிருக்கிறது. மாம்பழ நிறத்துக்கு மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசியதை மட்டும் நான் கண்டித்தேன். மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. சன்னலோரம் வைத்த தாளில் இப்போதே பழம் வெளுத்துவிட்டது. (மாவிலை தின்ற பசுக்களின் சிறுநீரிலிருந்து ஒரு மஞ்சள் வண்ணம் வங்காள மாகாணத்து முங்கேர்ப் பக்கம் எடுக்கப்பட்டதாக 1883இல் முகர்ஜி என்பவர் எழுதிய குறிப்பை அவளிடம் சொன்னேன். பெரியகுளத்து மாந்தோப்புகளை நினைத்தாளோ என்னவோ, சிரித்துவிட்டாள்.)

இத்தனைக்கும் பிறகு ஒரு பக்கத்தில் விடை கிடைத்திருக்கிறது. துப்பட்டியை அவள் வரையவே இல்லை. பின்னாலிருக்கும் மண்சுவரையும், மர நிழலையும், பாலத்துக் கைப்பிடியையும் மையால் தீட்டியிருக்கிறாள். நடுவே தொடாமல் விட்ட தாளே துப்பட்டியாகிவிட்டது. மோவாயருகே துணியைச் சேர்த்துப் பிடித்த வலக்கை மட்டும் கூரிய பேனா முனையால் வரையப்பட்டிருக்கிறது. இடக்கையில் கொட்டான். இரு கைகளுக்கும் வேலை வந்துவிட்டதால், காற்றடிக்கும்போது துப்பட்டியின் முனையைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் என் தாயாரிடத்தில் கண்ட செய்கை அது. உடையைக் காட்டியபோது கிடைக்காத ஆள், உடையோடு படும் பாட்டைக் காட்டியபோது கிடைத்துவிட்டார்.

இவ்விடத்தில் ஓவியர் ஆதிமூலத்தை நினைத்துக்கொண்டேன். 1938இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்து, சிற்பி தனபாலின் வழிகாட்டலில் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், 2008இல் மறைந்தார். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் தீட்டிய கோட்டோவியங்களில் கண்ணாடியும் கைத்தடியும் இல்லாமலில்லை. ஆனால் அவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் முதுகின் வளைவும் நடையின் விரைவும் காந்தியாகவே நிற்கும். பின்னர் 'ஜூனியர் விகட'னில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்தபோது, பேனாக் கோடுகளின் சிக்கலே அம்மனிதர்களின் தோலாகிவிட்டது. அதைத் தலைப்பாகை செய்யவில்லை, பேனா செய்தது. மதுரையில் பிறந்த டிராட்ஸ்கி மருது 'வாளோர் ஆடும் அமலை'யில் தமிழ் மன்னர்களை நாடக, திரைப்பட உடுப்புகளிலிருந்து விடுவித்து வரைந்ததும் இவ்வழியில் எண்ணத் தக்கது. மன்னர்களுக்குக் கிடைத்த அந்த நீதி மாம்பழம் சுமந்த மூதாட்டிக்கும் கிடைக்கட்டுமே.

மூன்றாம் புத்தகத்தில் ஒரு சிக்கல். நன்னிக்குச் செய்தி எட்டிவிட்டது. புகைப்படத்துக்கே உடன்படாதவர், "என் மூஞ்சிய எதுக்குடி வரையுற? வேற வேலை இல்லையா?" என்று கடிந்துகொண்டார். உருவம் வரைதல் பற்றிய மார்க்க விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். ஒரு பெரியவர் வேண்டாமென்று சொன்ன பிறகு அவர் முகத்தை அச்சேற்றுவது முறையன்று. பேத்திக்கும் அது புரிந்தது. முகமில்லாமல் ஒரு நூல் முழுவதும் ஒரு பாத்திரத்தை நடத்த முடியுமா?

முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த பழஞ்சான்று 'ஹம்ஸா நாமா'. அக்பர் 1562ஐ ஒட்டித் தொடங்கிவைத்து ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்த பெரும் பணி அது. ஈரானிலிருந்து ஹுமாயூனிடம் வந்து சேர்ந்த மீர் சையித் அலீயும், அவருக்குப் பின் அப்துஸ் ஸமதும் மேற்பார்த்தார்கள். 14 தொகுதிகள், 1400 படங்கள் என்று கணக்கு. பெரிய பருத்தித் துணியில் ஒரு பக்கம் படம், மறு பக்கம் கதை. இன்று எஞ்சியவை சுமார் 200 மட்டுமே. 1881இல் லண்டன் அருங்காட்சியகத்துக்காகச் சில ஏடுகள் ஸ்ரீநகரில் வாங்கப்பட்டன. சன்னல்களை மூடும் மறைப்பாகச் சில அங்கே தொங்கிக்கொண்டிருந்தனவாம். அவ்வேடுகள் பலவற்றில் முகங்கள் பிற்காலத்தவரால் தேய்த்து அழிக்கப்பட்டுள்ளன. அவற்றின் அச்சுப் படிகளை நான் பார்த்திருக்கிறேன். முகம் போன பின்னும் பதுங்குபவன் பதுங்குகிறான், ஓடுபவன் ஓடுகிறான், அஞ்சியவனின் கை அஞ்சியே நிற்கிறது. அந்த ஓவியர்கள் முகத்தை மட்டும் நம்பி வரையவில்லை.

இதைச் சொன்னபோது அவள் முன்பே பாதி வழி வந்திருந்தாள். மூன்றாம் புத்தகத்தில் நன்னி பெரும்பாலும் முதுகு காட்டி நடக்கிறார். அல்லது துப்பட்டியின் விளிம்பு முகத்தை மறைக்கிறது. பாலத்தின் மேல் நின்று கொட்டானைக் கைமாற்றும் படமும், மகள் வீட்டு வாசலில் துப்பட்டியைத் தோளுக்கு இறக்கும் படமும் எவர் பார்த்தாலும் நிற்கவைக்கும்.

பாராட்டு இத்துடன் முடிந்தது. மூன்றாம் புத்தகத்தின் பின்பாதியில் பொருள்களின் மேல் கொண்ட மயக்கம் மிகுந்துவிட்டது. காப்பி டிகாக்ஷன் கறை, பிளேடால் சுரண்டிய வடு, ஒட்டிய துணித்துண்டு எல்லாம் ஒரே பக்கத்தில் கூடி, நன்னியைத் தேட வேண்டியிருக்கிறது. சோதனைக்கு உரிய இடம் இரண்டாம் புத்தகம். கதைக்குள் அது இவ்வளவு சத்தம் போடக்கூடாது. இன்னொன்று, நன்னிக்குப் பழம் விற்கும் வியாபாரி. நன்னிக்காக இத்தனை பாடுபட்ட பெண், அவரை மட்டும் குல்லா, தாடி, கட்டம் போட்ட கைலியோடு நிறுத்திவைத்திருக்கிறாள்! சந்தைக்குப் போய் ஒரு வியாபாரி காம்பை முகர்ந்து பழம் தேர்வதை அரைநாள் நின்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்புமுன் பாலத்துப் படத்தை அவள் நன்னியிடமே காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முகம் இல்லாததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"செருப்பு ஏது அப்ப? வெறுங்காலுதான். மாத்திப் போடு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.