மணலியில் அறுபது வேலி

திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி முழுக்க முகத்தில்தான் விழும். தூரத்தில் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி. 1969இல் ஓடத் தொடங்கிய ஆலை அது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பாடகியின் ஞாபகம் வந்துவிடும்.

அவள் பெயர் உறவாக்கின தலைக்கோலி. 13ஆம் நூற்றாண்டு, மூன்றாம் ராஜராஜன் காலம். திருவொற்றியூர் கோயிலில் ஆவணித் திருநாள் நடக்கிறது. ராஜராஜன் திருமண்டபத்தில் அரசன் உட்கார்ந்திருக்கிறான். பதியிலார் என்ற கோயில் பெண்கள் வகுப்பைச் சேர்ந்த இவள் ‘அகமார்க்கம்’ பாடுகிறாள். கேட்ட அரசன் மணலியில் அறுபது வேலி நிலத்தைப் பிரித்து, அதற்கு உறவாக்கின நல்லூர் என்று அவள் பெயரையே வைக்கிறான். தஞ்சாவூர் வேலிக் கணக்கில் போட்டால் ஏறத்தாழ 400 ஏக்கர். கோயில் கல்வெட்டு சொல்வது இது. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் போகிறபோக்கில் வரும் செய்திதான். ஆனால் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக நாளாயிற்று.

மானியம் பெரியதுதான். என்னைக் கட்டிப்போட்டது அது இல்லை, கல்வெட்டின் ரசனை. யார் பாடினாள், அவளுக்கு என்ன பட்டம், என்ன பாடினாள், எந்த மண்டபம், எந்தத் திருநாள், எதிரே கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்று எல்லாமே வந்துவிடுகிறது. ஒரு நல்ல கச்சேரி விமர்சனத்தில் இருக்க வேண்டியது அவ்வளவும் இருக்கிறது. அவள் பட்ட துன்பம் இல்லை, அவளை ஆதரித்த பிரபுவின் பெருமை இல்லை. தலைக்கோலி என்பதும் தொழிலில் தேர்ந்தவளுக்குத் தருகிற பட்டம். சிலப்பதிகாரத்து மாதவி அரங்கேறித் தலைக்கோல் பெற்ற வழியில் வந்தது.

பெண் கலைஞர்களைப் பற்றிய புத்தகம் எது கையில் கிடைத்தாலும் இந்தக் கல்லை உரைகல்லாக வைத்துத்தான் பார்க்கிறேன். அவள் என்ன பாடினாள் என்று புத்தகம் சொல்கிறதா? பாதிப் புத்தகங்கள் சொல்வதில்லை. தாயார் யார், யார் வீட்டில் இருந்தாள், எப்படி ஒதுக்கப்பட்டாள் என்பதிலேயே நூறு பக்கம் போய்விடும். கண்ணீர் வரும், காதில் ஒன்றும் விழாது.

லெஸ்லி ஓர் கோயில் பெண்களைப் பற்றி 2000இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் அந்த வகை இல்லை. கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து எழுதியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் கொடை கொடுத்தவர்களாகத்தான் வருகிறார்கள். ஆடுபவர், பாடுபவர் என்று வருவது குறைவு என்கிறார். அதைப் படித்த பிறகுதான் ஒற்றியூர்க் கல் எவ்வளவு அபூர்வம் என்று உறைத்தது. இதே கோயிலில் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளும் உண்டு. பதியிலார், ரிஷபத்தளியிலார், தேவரடியார் என்ற மூன்று வகுப்பாருக்குள் எந்த வேலை யாருடையது என்று தகராறு. சம்புவராயர் காலத்தில் ஒரு முறை தீர்த்து வைத்தார்கள். விஜயநகரத்துக் கம்பணர் காலத்தில் மறுபடியும் கிளம்பியது. யூனியன் கொடி இல்லாத தெருவே இல்லாத எங்கள் ஊருக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆட்டமும் பாட்டும் உரிமையுள்ள தொழில் என்று நினைத்தவர்கள்தானே அதற்காகச் சண்டை போடுவார்கள்?

பெண் கலைஞரின் பெயரைப் புத்தகத்துக்குள் மீட்டு வைக்கும் வேலையைச் சென்னையில் முதலில் செய்தவர்களில் ஒருவரும் ஒரு பாடகிதான், பெங்களூர் நாகரத்தினம்மாள். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ எழுதினார். அதன் 1887ஆம் ஆண்டு அச்சில் சில செய்யுள்களோடு முத்துப்பழனி தன்னைப் பற்றிச் சொன்ன முன்பகுதியும் காணாமல் போயிருந்தது. நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுசாக வெளியிட்டார். அரசு தடை போட்டது, 1947இல்தான் நீங்கியது. சிருங்காரச் செய்யுளை வெட்டியதையாவது கூச்சம் என்று விட்டுவிடலாம். எழுதியவளின் வம்சத்தை ஏன் வெட்டினார்கள்?

பாரிமுனைப் பக்கம் போனால் ஜார்ஜ் டவுன். வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த வீடு அங்கேதான் இருந்தது. வீணையோடு தானும் பாடுவார். வந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார்களாம். அவருடைய பேத்தி பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி (1918–1984). பாலாவின் மருமகன் டக்ளஸ் நைட் 2010இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு தமிழிலும் கிடைக்கிறது. என் உரைகல்லில் மாற்றுக் குறையாத புத்தகம் இது. நைட் மிருதங்கம் வாசிப்பவர் என்பதால் தாளம் எங்கே விழுகிறது என்று அவருக்குத் தெரியும். குடும்பக் கதையை அவரும் சொல்கிறார். ஆனால் பதம் எப்படி ஒரு தலைமுறையின் தொண்டையிலிருந்து அடுத்த தலைமுறையின் விரலுக்கும் கண்ணுக்கும் போனது என்ற கேள்வியை விட்டு விலகுவதில்லை. மருமகன் எழுதியதாயிற்றே என்று சில இடங்களில் தோன்றத்தான் செய்கிறது. அது பெரிய குறை இல்லை.

பாலாவே நல்ல விமர்சகர். 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் அவர் ஆற்றிய தலைமையுரையில் பரதநாட்டியக் கச்சேரி வரிசையைக் கோயிலாக வைத்துக் காட்டினார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள், வர்ணத்தில் சந்நிதிக்கு முன்னால் வந்து நிற்கிறோம், பதம் கருவறை. மேளச் சத்தம் ஒடுங்கிய இடம் அது. தில்லானா கற்பூர ஆரத்தி.

இதைப் படித்த மறுநாள் ஒற்றியூர் கோயிலுக்குப் போனேன். தேரடியில் பேருந்து ஹாரனும் பூக்காரம்மாவின் கூவலும் அலாரிப்பு மாதிரியே காதில் தட்டின. உள்ளே மண்டபத்தில் கல் குளிர்ந்து, நடை தானாகத் தளர்ந்தது. இங்கே பூமாலை தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியைத்தான் சுந்தரர் பார்த்து மயங்கினார். அந்த மாலையைப் பற்றி ஒரு ரசனைக் கட்டுரை வராதது என் வருத்தம். ஆதிபுரீஸ்வரர் சந்நிதி விமானம் பின்பக்கம் யானை முதுகு போல வளைந்தது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அதைக் கல்லில் எழுப்பியவன் பெயர்கூட எழுதியிருக்கிறது, ரவி என்ற வீரசோழத் தச்சன். ஆக, தச்சன் கையையும் பாடகி தொண்டையையும் ஒரே மதிப்பில் வைத்துப் பெயர் எழுதிய கோயில். கருவறை முன் நின்றபோது வெளிச்சத்தம் சுத்தமாக அடங்கிவிட்டது. பாலாவின் பதங்களை அதற்குமுன் ஒலிப்பதிவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவை ஏன் அத்தனை மெதுவாகப் போகின்றன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்றைக்கு ராயபுரத்து இசைவாணியை எல்லோருக்கும் தெரியும். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவைக் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையில் பாடியவர். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். கானா பாடும் பெண் என்று தலைப்பு வைக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அடியை முடிக்கும்போது குரலை எப்படி வெட்டி நிறுத்துகிறார், டோலக் முந்தினால் சொல்லை எங்கே இழுத்துப் பிடிக்கிறார் என்று எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. ஏறத்தாழ எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் கல்வெட்டு எழுதியவனுக்கு அகமார்க்கம் என்ற ஒரு சொல்லையாவது எழுதத் தோன்றியது.

மணலிப் பேருந்தில் ஏறியதும் நடத்துநரிடம் “உறவாக்கின நல்லூர் ஒண்ணு” என்று கேட்டுப் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. கேட்டதில்லை. சில்லறையை நீட்டி “மணலி” என்பதோடு சரி.