மைஸிரும் மக்கள்நலமும்

பொதுச் செலவுகளுக்குச் சூதாட்டத்தின் வழியே பணம் திரட்டலாமா என்ற விவாதம் நம் நாட்டில் ஓய்ந்தபாடில்லை. கோவா தன் 1976ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992இல் திருத்தி, ஐந்து நட்சத்திர விடுதிகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களை அனுமதித்தது. கேரளம் 1967 முதல் லாட்டரி நடத்திவருகிறது. தமிழகத்தில் 1968இல் அரசு லாட்டரி தொடங்கப்பெற்றது. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளின் விற்பனையும் தடைசெய்யப்பட்டது. 2021இல் அது திரும்ப வருமென்ற பேச்சு எழுந்து, அரசின் மறுப்புக்குப் பின் அடங்கிற்று. ஆயினும் கருவூலம் தளரும்போதெல்லாம் இக்கோரிக்கை தலைதூக்கவே செய்யும். அதன் நியாயத்தை உரசிப் பார்ப்பது நம் கடமையாகும்.

ஆதரவாளர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கேரள லாட்டரியைத் தோற்றுவித்த நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாகிப், அரசுக்கு வருவாயும் எளியோருக்குப் பிழைப்பும் ஒருங்கே கிட்டுமென்று கருதினார். இன்றும் அங்கே முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பலர் சீட்டு விற்றே வாழ்கின்றனர். 2011இல் தொடங்கிய காருண்யா லாட்டரி, புற்றுநோய், சிறுநீரக, இதய நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்டவென்றே வந்தது. இதையா பாவம் என்கிறீர்கள் என்று கேட்போருக்கு 'ஹராம்' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் விடையாகத் தருவது நமக்கு அழகன்று.

உண்மையில் இக்கேள்வி திருமறைக்குப் புதியதன்று. ஜாஹிலிய்யாக் கால அரபிகளின் மைஸிர் எவ்வாறு நடந்தது என்பதை ஸமக்ஷரீ தம் தஃப்ஸீரில் விளக்குகிறார். ஒட்டகத்தை அறுத்து இறைச்சியைப் பங்கிட்டு, அம்புகளால் குலுக்கிப் பார்ப்பார்கள். பத்து அம்புகளில் ஏழுக்குப் பங்குண்டு; மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்கவேண்டும். வென்றவரோ தம் பங்கைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிவிடுவார். அந்த ஈகையைப் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள். ஆட வராதவனைக் கஞ்சன் என்று பழிப்பார்கள். ஆக, திருமறை கண்டித்த மைஸிரே பசித்தவருக்கு உணவளித்த ஒரு சூதுதான். அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அதன் பயனை மறுக்கவில்லை. மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்டு, அவற்றின் தீங்கை அதனினும் கனமானதென்று எடைபோடுகிறது. நன்மையே இல்லை என்பதன்று தீர்ப்பு; நன்மை போதாது என்பதே தீர்ப்பு.

அந்த எடையை நம் ஊர்க் கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம். 2023 செப்டம்பரில் கேரளத் திருவோணம் பம்பரின் முதல் பரிசான 25 கோடி ரூபாய், வாளையாறில் வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. பெற்றவர்கள் திருப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த நால்வர். சீட்டின் விலை 500 ரூபாய். 25 கோடி என்பது ஐந்து லட்சம் சீட்டுகளின் விலை. பெயர் தெரிந்தவர் நால்வர். வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பற்றி எந்த நாளிதழும் எழுதவில்லை. சனிக்கிழமை வாரக்கூலியை எண்ணி வாங்கும் பனியன் தொழிலாளிக்கு 500 ரூபாய் என்பது வீட்டுக்கான அரிசியும் எண்ணெயுமாகும்.

'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது தமிழக லாட்டரியின் புகழ்பெற்ற முழக்கம். கேட்க இனிது, ஆனால் விழாத சீட்டின் விலையும் ஒரு வீட்டிலிருந்து எடுத்ததே என்பதை அது மறைக்கிறது. வரி, உள்ளவனிடம் கூடுதலாகக் கேட்கலாம். சூதோ இல்லாதவனின் ஆசையிடம் கேட்கிறது. சிங்கப்பூர் 2010இல் சூதாட்ட விடுதிகளைத் திறந்தபோது, தன் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும் 100 வெள்ளி நுழைவுக் கட்டணம் விதித்து, 2019இல் அதை 150 ஆக்கியது. அந்நியர் ஆடட்டும், நம்மவர் தயங்கட்டும் என்பதன்றோ இதன் பொருள்? நம் ஒன்றிய அரசும் 2023 அக்டோபர் முதல் இணையவழிப் பண விளையாட்டுகளுக்கு 28 விழுக்காடு வரி விதித்துப் பார்த்து, 2025 ஆகஸ்டில் அவற்றைத் தடைசெய்யும் சட்டத்தையே இயற்றியது.

வணிகத்திலும் இழப்பும் ஆதாயமும் உண்டே எனலாம். உண்டு, நூல் விலை ஏறும், ஏற்றுமதி ஆர்டர் ரத்தாகும். எனினும் அங்கே பொருளொன்று உருவாகிறது. ரத்தான ஆர்டரின் சட்டைகூடக் காதர்பேட்டைக் கடையில் குறைந்த விலைக்கு விலைபோய் எவரோ ஒருவரின் உடலை மறைக்கிறது. விழாத சீட்டு எவரையும் உடுத்துவதில்லை. வணிகத்தில் இருவரும் பயனடையலாம். சூதில் ஒருவர் பெறுவது முழுவதும் பிறர் இழந்ததே.

திருமறை ஒருசேரக் கூறிய இரண்டையும் தமிழகம் ஒரே ஆண்டில் பிரித்துவைத்தது. 2003 ஜனவரியில் லாட்டரியை மூடிய அரசே, அவ்வாண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒன்றின் தீங்கை உணர்ந்த அரசு மற்றொன்றின் வருவாயில் சாய்ந்தது. லாட்டரி திரும்பினால் அந்த இணை மீண்டும் முழுமையுறும், எதிர்க்கவேண்டியது அதனால்தான்.

ஆனால் எதிர்ப்போடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குக் காத்திருக்கும் ஏழைக்கு யார் பணம் கொடுப்பது என்பது ஆதரவாளர்கள் எழுப்பும் நேர்மையான கேள்வி. மைஸிரைத் தடுத்த மார்க்கம் ஏழையின் தட்டை வெறுமையாக விட்டுவிடவில்லை. ஜகாத்தை உள்ளவனின் கடமையாக்கிற்று, வக்ஃபுக்கு வழிகாட்டிற்று. அவற்றை நோயாளியின் படுக்கைவரை நாம் கொண்டுசேர்க்காத வரை, லாட்டரிக்கு எதிரான நம் வாதத்தில் பாதி சொல்லப்படாமலே நிற்கும்.