கையெழுத்து

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடிப் பையன், போன வாரம் லிஃப்டில் டி-ஷர்ட் கையைச் சுருட்டிக் காட்டினான். தோளிலிருந்து முழங்கை வரை கருகருவென்று சுருள்களும் முக்கோணங்களும்.

“மாவோரி டாட்டூ அங்கிள். கம்ப்யூட்டர்ல எடுத்தது இல்ல. எனக்குன்னே கையால வரைஞ்சது.”

கோடுகள் சுத்தம். பொய் சொல்லக்கூடாது, அழகாகவே இருந்தது. தோளில் இருந்த சுருள் மாவோரி. அதற்குக் கீழே நெருக்கமான பட்டைகள் சமோவா. நடுவில் ஒரு ஆமை, எந்தத் தீவிலிருந்து நீந்தி வந்ததோ! “இது என்ன சொல்லுது?” என்று கேட்டேன். “வீரம் அங்கிள்” என்றான். அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிட்டது.

‘கையால் வரைந்தது’ என்பதுதான் இன்றைக்குப் பச்சை குத்தும் கடைகளின் ஐ.எஸ்.ஐ. முத்திரை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். கையால் வரைந்தால் கலை, நகலெடுத்தால் சரக்கு. ஆனால் இந்தக் கலைக்குச் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வியே வேறு. அது புரிய 1826-ம் வருட லிவர்பூலுக்குப் போகவேண்டும்.

தே பெஹி குபே என்ற மாவோரி குலத்தலைவர் அப்போது அங்கே இருந்தார். துப்பாக்கி வாங்குவதற்காக, ‘இறங்கு இறங்கு’ என்று சொல்லியும் கேட்காமல் ஒரு ஆங்கிலக் கப்பலில் பிடிவாதமாக உட்கார்ந்து வந்த மனிதர். ஜான் சில்வெஸ்டர் என்ற ஓவியர் அவரை வரைந்தார். மூக்கு, கண் எப்படி வந்தால் என்ன, தன் முகத்திலிருந்த மோகோவின் ஒவ்வொரு கோடும் சரியாக வரவேண்டும் என்பதில் தே பெஹி கறாராக இருந்தார். பிறகு தானே பேனாவை வாங்கி, கண்ணாடி பார்க்காமல், தன் முகத்தின் மொத்த மோகோவையும் காகிதத்தில் போட்டார். அண்ணன் தம்பி, மகன் முகத்துக் கோடுகளையும் நினைவிலிருந்தே வரைந்தார். 1830-ல் லண்டனில் வெளியான ஒரு புத்தகத்தில் இந்தப் படம் அச்சாகியிருக்கிறது.

அதில் முகமே கிடையாது. கண், காது, மூக்கு எதுவும் இல்லை. வெறும் கோடுகள். ஆனால் பார்த்தால் ஒரு ஆள் நம்மை முறைக்கிறார். ஐரோப்பியன் தன் பெயரைப் பேனாவால் எழுதுகிறான், என் பெயர் இங்கே இருக்கிறது என்று தே பெஹி நெற்றியைக் காட்டியதாகவும் அதே புத்தகத்தில் குறிப்பு. விளையாட்டுப் பேச்சில்லை. மாவோரித் தலைவர்கள் பலர் நிலப் பத்திரங்களில் தங்கள் மோகோவின் ஒரு பகுதியை வரைந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆக, மோகோ அலங்காரம் இல்லை, கையெழுத்து. இதை வைத்துக்கொண்டு பாருங்கள், மற்றதெல்லாம் விளங்கும்.

மாவோரி மோகோ குத்துவதில்லை, செதுக்குவது. ‘உஹி’ என்ற எலும்பு உளியால் தட்டித் தட்டித் தோலில் பள்ளம் போடுவார்கள். இன்று பெரும்பாலும் மெஷின்தான், உஹிக்குத் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் வடிவமைக்கும் முறை பழசு. முதலில் பேச்சு. உன் அப்பா யார், அம்மா எந்தக் குலம், எந்த மலை, எந்த ஆறு? இதற்குப் பிறகுதான் கலைஞர் பேனாவை எடுத்து நேராக உடம்பின் மேலேயே வரைகிறார், தசையின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படி. பல குலங்களில் முகத்தின் ஒரு பக்கம் தந்தை வழி, மறுபக்கம் தாய் வழி. தூரத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒன்று போலத் தோன்றும். கிட்டே போனால் வேறு வேறு.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. மாட்டாவோரா என்பவன் மனைவியை அடித்துவிட்டான். அவள் கோபித்துக்கொண்டு பாதாள உலகத்தில் இருந்த அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் முகத்தில் வண்ணம் தீட்டிக்கொண்டு தேடிப் போகிறான். மாமனார் உவேதொங்கா ஒரு கை வைத்துத் துடைக்கிறார். அவ்வளவுதான், கோலம் அழிந்து போச்சு! கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். பிறகு மாமனாரே அவன் முகத்தில் அழியாத மோகோவைச் செதுக்குகிறார். வலியோடு சேர்த்துத் திருந்துகிறான். பூச்சுக்கும் மோகோவுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த விமர்சகனும் சொல்லிவிட முடியாது.

சமோவா கதை வேறு. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை வருவது ‘பெஆ’. பெண்களுக்குத் தொடையில் மென்மையாக வருவது ‘மாலு’. போடுகிற ஆசான் ‘துஃபுங்கா’. பன்றிக் கொம்பில் செய்த சீப்பு போன்ற கருவி, அதைத் தட்ட ஒரு கோல், தோலை இழுத்துப் பிடிக்க உதவியாளர்கள். காகிதத்தில் டிசைன் எதுவும் கிடையாது. முதுகில் படகில் ஆரம்பித்து, வீட்டு உத்தரங்கள் போன்ற வரிகளாக இறங்கி, கடைசியில் தொப்புளில் முடிய வேண்டும். பாதியில் வலி தாங்காமல் எழுந்து போனால் ஆயுசுக்கும் அவமானம்.

‘எனக்கு மட்டும் ஸ்பெஷலா ஒரு டிசைன்’ என்ற பேச்சே அங்கே எடுபடாது. வரிசை ஏற்கெனவே முடிவானது. ராகத்தின் ஆரோகண அவரோகணம் மாதிரி. ஆனால் அதற்குள் கோட்டின் கனம், இடைவெளி, எந்தச் சின்னம் எங்கே என்பதில் ஆசானின் கை தெரியும், உடம்பின் அளவு தெரியும். மாவோரியில் ஆளுக்கு ஆள் மாறுவது குடும்பக் கதை. சமோவாவில் மாறாமல் இருப்பதுதான் குடும்பக் கதை. இரண்டையும் ஒரே தோளில் கலந்து ‘பாலினேசியன் ஸ்டைல்’ என்று விற்பதில் எனக்குள்ள முதல் புகார் இதுதான். இரண்டு மொழியின் எழுத்துகளைக் கலந்து எழுதிய வாக்கியம் அழகாக இருக்கலாம். படிக்கத்தான் முடியாது.

சரி, நல்ல வேலை எது, மோசமான வேலை எது? மூன்று விஷயம் பார்க்கிறேன். உடம்பு அசையும்போது கோடும் சேர்ந்து அசைகிறதா? மை போடாமல் விட்டுவைத்த தோலும் வடிவமாகப் பேசுகிறதா? மாவோரி வேலையில் பாதி அழகு இந்த வெற்றிடத்தில்தான். மூன்றாவது, இது யாருடையது?

மைக் டைசனை எடுத்துக்கொள்வோம். 2003-ல் விட்மில் என்ற அமெரிக்கக் கலைஞர் அவர் இடது கண்ணைச் சுற்றிப் போட்டது. டைசன் முதலில் கேட்டது ஹார்ட் சின்னங்கள்! விட்மில் மறுத்து, மாவோரி சாயலில் இதை வரைந்தார். முதல் இரண்டு கேள்வியிலும் பாஸ். கன்னத்து எலும்போடு எவ்வளவு லாகவமாக வளைகிறது. மூன்றாவதில் ஃபெயில். 2011-ல் ‘ஹேங்ஓவர்’ இரண்டாம் பாகத்தில் வேறொரு நடிகர் முகத்தில் அதே டிசைன் வந்தபோது, ‘இது என் படைப்பு’ என்று விட்மில் கோர்ட்டுக்குப் போனார். சமரசத்தில் முடிந்தது. நீ யாரிடம் கேட்டு எடுத்தாய் என்று மாவோரிகள் கேட்டார்கள். அதற்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் இல்லை.

அதே 2003-ல் நடிகர் ட்வெய்ன் ஜான்சன் தோளிலும் மார்பிலும் போட்டுக்கொண்டதைப் பாருங்கள். தாய்வழியில் சமோவாக்காரர். வரைந்தவர் தாஹிதியின் போஓய்னோ இரோண்டி. முதலில் உட்கார்ந்து அவர் வாழ்க்கைக் கதையைக் கேட்டார், பிறகு தோலின் மேலேயே கைப்பட வரைந்தார். சுமார் 60 மணி நேர வேலை. இது பெஆ இல்லை, பெஆ என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. அந்த நேர்மைக்கே நான் மார்க் போடுவேன்.

சைஃபர் வாங்கியது நைகி கம்பெனி. 2013-ல் பெஆ சின்னங்களைப் பெண்கள் உடற்பயிற்சி உடையில் அச்சடித்தது. ஆண்கள் ரத்தம் சிந்திப் பெறுவதைப் பெண்கள் காலில் துணியாக! எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது.

‘அழகை ரசிப்பதில் என்ன தப்பு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ரசிகர்கள் ஒருமுறை இந்த மோகோவை ரசித்த கதை பயங்கரமானது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோகோ போட்ட மனிதத் தலைகளைப் பதப்படுத்தி ஐரோப்பியர்கள் வாங்கிப் போனார்கள். விலை, துப்பாக்கி. கிராக்கி ஏறியதும், பிடிபட்ட அடிமைகள் முகத்தில் அவசர அவசரமாக ஏதோ ஒரு டிசைனைப் போட்டு விற்றதாகப் பதிவுகள் சொல்கின்றன. குலம் இல்லை, கதை இல்லை, வெறும் ‘மாவோரி ஸ்டைல்’. அதுவும் கையால் வரைந்ததுதான்! 1831-ல் நியூ சவுத் வேல்ஸ் கவர்னர் இந்த வியாபாரத்தைத் தடை செய்தார். போன தலைகள் இன்னும் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 2014-ல் நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியம் 35 தலைகளைத் திருப்பிக் கொடுத்தது.

அதற்காக, வெளியாட்கள் கிட்டேயே வரக்கூடாது என்று மாவோரிக் கலைஞர்கள் எல்லோரும் கதவைச் சாத்தவில்லை. பலர் மற்றவர்களுக்குப் போடுவதை ‘கிரிதுஹி’ என்கிறார்கள். தோல்மேல் எழுத்து என்று அர்த்தம். அதே சுருள், அதே கைத்திறன். ஆனால் குல வரலாறு கிடையாது, உங்கள் கதை மட்டும். இது சரியா என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் உண்டு. எனக்கு இது கௌரவமான ஏற்பாடாகத்தான் படுகிறது. எங்கள் எழுத்தில் உன் பெயரை எழுதிக்கொள், எங்கள் தாத்தா பெயரை எழுதிக்கொள்ளாதே.

நேற்று மறுபடி லிஃப்டில் அந்தப் பையன். அடுத்த மாதம் வலது கையாம். தே பெஹி கதையைச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டான்.

“வரையறதுக்கு முன்னாடி உன்னைப் பத்தி அவர் ஏதாவது கேட்டாரா?”

“கேட்டாரே அங்கிள், பட்ஜெட் எவ்வளவுன்னு.”