மண்ணுக்குத் திரும்பியவர்களின் வரவு செலவு

1932இல் ஸ்காட் நியரிங்கும் ஹெலனும் நியூயார்க்கை விட்டு வெர்மான்ட் மலைப்பகுதிக்குப் போனார்கள். வாங்கிய பண்ணைக்கு ரொக்கமாகக் கொடுத்தது 300 டாலர்; மேலே 800 டாலர் அடமானக் கடன். ஸ்காட் பொருளாதாரப் பேராசிரியர். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராகப் பேசிவந்த அவரைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1915இல் நீக்கிவிட்டது. முதல் உலகப்போரை எதிர்த்து எழுதியதற்காக வழக்கைச் சந்தித்து விடுதலையானவர். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, நிலத்தை நம்பிக் காலம் தள்ள முடியுமா என்று பார்க்கத்தான் அந்த இணையர் மலையேறினார்கள்.

நாளில் நான்கு மணிநேரம் பிழைப்புக்கான உழைப்பு. நான்கு மணிநேரம் படிப்பு, எழுத்து, இசை. இருவரும் சைவம்; ஆடுமாடு, கோழி வளர்க்கவில்லை. பொறுக்கி வந்த கல்லைப் பலகை அச்சுக்குள் அடுக்கிக் கான்கிரீட் ஊற்றித் தாங்களே வீடு கட்டினார்கள். சாப்பாட்டுக்குத் தோட்டம் இருந்தது. கைக்காசு மேப்பிள் மரத்திலிருந்து வந்தது. குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் வெயிலுமாக இருக்கும் சில வாரங்களில்தான் அந்த மரத்தில் இனிப்பு நீர் வடியும். துளையிட்டுக் குழல் செருகி அதைச் சேர்த்து, அகன்ற தட்டுகளில் ஊற்றி விறகுத் தீயில் காய்ச்ச வேண்டும். ஒரு லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் நீர். பதநீர் காய்ச்சியவர்களுக்கு அந்தப் புகையும் காவலும் தெரியும். இந்த ஒரு தொழிலைப் பற்றி மட்டுமே 1950இல் இருவரும் ஒரு நூல் எழுதினார்கள்.

1954இல் வந்த அவர்களது 'லிவிங் தி குட் லைஃப்' அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1970இல் மறுபதிப்பானபோது, வியட்நாம் போரும் நகர வாழ்வும் கசந்துபோய் வெளியேறிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு அது கையேடாயிற்று. கட்டுமானச் செலவு, பாகு விற்ற பணம் என்று கணக்கைத் திறந்து காட்டிய புத்தகம் என்பதால் நம்பினார்கள். ஆனால் அந்தக் கணக்கு முழுமையானதல்ல. 1970களில் நியரிங்குகளிடமே நிலம் வாங்கிப் பக்கத்தில் குடியேறிய ஜீன் ஹே பிரைட் 2003இல் எழுதிய நூல், அவர்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்த பணத்தை வெளியே கொண்டுவந்தது. மெய்ன் மாநிலத்துக்கு அவர்கள் இடம்பெயர்ந்த பிறகு வந்து குவிந்த விருந்தினர்கள் இலவசமாகத் தோட்ட வேலை செய்தார்கள், அதுவும் வரவுதானே. நியரிங்குகளின் உழைப்பு உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர்களை அப்படியே பின்பற்றப் புறப்பட்ட இளைஞர்களிடம் அந்தப் பணம் இல்லை. தற்சார்பு வாழ்வின் வரலாற்றில் எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான்: யாருக்கு என்ன கடன்பட்டோம் என்பது கணக்கில் ஏறவேயில்லை.

மண்ணுக்குத் திரும்பியவர்களைப் பற்றிய ஆய்வு நூல்கள் பெருகியது 1990களின் இறுதியிலிருந்து. திமதி மில்லர் 1999இல் அறுபதுகளின் கம்யூன்களை, அதாவது கூட்டுவாழ்வுக் குடியிருப்புகளை, தேடித் தொகுத்தார். டோனா பிரவுன் 2011இல் இந்த அலையின் தொடக்கத்தை இன்னும் முந்தைய காலத்துக்குக் கொண்டுபோனார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரத் தொழிலாளர்களும் எழுத்தர்களும் வாடகைக்கும் வேலையிழப்புக்கும் பயந்து மூன்று ஏக்கர் நிலத்தைக் கனவு கண்டதைக் காட்டினார். ஹிப்பிகள் புதிதாகக் கண்டுபிடித்த ஆசையல்ல அது.

ஆண்ட்ரூ கிர்க்கின் 'கவுண்டர்கல்ச்சர் கிரீன்' (2007), ஸ்டூவர்ட் பிராண்ட் 1968இல் தொடங்கிய 'ஹோல் எர்த் கேட்டலாக்'கை மையமாக வைத்து எழுதப்பட்டது. முழு பூமியின் செயற்கைக்கோள் படத்தை அட்டையில் தாங்கிய அந்தப் பட்டியலில் காற்றாலை, தேனீ வளர்ப்பு, கணிப்பான் எல்லாம் ஒன்றாக இருந்தன. 1972இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதும் அதற்குக் கிடைத்தது. மனிதர் கைபடாத காட்டைக் காப்பதே சூழலியல் என்றிருந்த காலத்தில், மனிதர் எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கேட்டவர்கள் இவர்கள் என்பது கிர்க்கின் வாதம். அதே வலைப்பின்னல் கணினி உலகத்துக்குள் எப்படிப் போனது என்பதை ஃபிரெட் டர்னர் 2006இல் எழுதினார். இரண்டும் சிறந்த நூல்கள். என் குறை, பட்டியலைத் தொகுத்தவர்களைத் தொடர்ந்த அளவுக்கு அதைப் படித்துவிட்டு மண்வெட்டி பிடித்தவர்களை அவை தொடரவில்லை என்பதே. ஜெஃப்ரி ஜேக்கப் 1997இல் அவர்களைத் தேடிப் போனார். நிலத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே, பெரும்பாலானோர் வெளி வேலைச் சம்பளத்தில்தான் பண்ணையை ஓட்டினார்கள் என்று கண்டார்.

கொலராடோவில் 1965இல் தொடங்கிய டிராப் சிட்டி கம்யூனில், பழைய இரும்புக் கடைகளில் கிடந்த கார்களின் கூரைகளைக் கோடரியால் வெட்டியெடுத்துக் குவிமாட வீடுகள் கட்டினார்கள். சில ஆண்டுகளில் அது காலியானது. குவிமாடங்களைப் பரப்பிய லாயிட் கான், அவை ஒழுகுகின்றன என்று கண்டதும் அவற்றைப் பற்றிய தன் நூலையே மறுபதிப்பிடாமல் நிறுத்தினார். 1973இல் உலகெங்கும் உள்ள நாட்டுப்புற வீடுகளைப் பற்றி 'ஷெல்டர்' வெளியிட்டார். தன் நூலைத் தானே நிறுத்தியது, இந்த வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் ஒன்று.

நியூ மெக்ஸிகோவில் 1967இல் உருவான நியூ பஃபலோ கம்யூனின் நிலம் பரம்பரைச் சொத்துப் பணத்தில் வாங்கப்பட்டது. பச்சைமண் கல் அறுக்கவும் வாய்க்கால் பாசனத்தை முறைவைத்து நடத்தவும் கற்றுக்கொடுத்தவர்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்துவந்த ஸ்பானிய மொழி பேசும் உழவர்கள். நிலத்தை ஏற்கெனவே இழந்துகொண்டிருந்த அந்த மக்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் தாவோஸ் வட்டாரத்தில் கடும் மோதல்களும் நடந்தன.

1971இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பள்ளிப் பேருந்துகளில் வந்து டென்னசியில் இறங்கிய கூட்டம் உருவாக்கியது 'தி ஃபார்ம்'. சொத்தெல்லாம் பொது, உணவு சோயா. பத்தாண்டுக்குள் ஆயிரத்தைத் தாண்டினார்கள்; கடனும் ஏறியது. 1983இல் பொதுச் சொத்து முறையைக் கைவிட்டு, ஒவ்வொருவரும் சந்தா கட்ட வேண்டும் என்று முடிவானது, பெரும்பாலோர் வெளியேறினார்கள். ஆனால் அங்கே பெண்கள் வளர்த்த பிரசவ அறிவு நிலைத்தது. குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டால் தாயைக் கைகளும் முழங்கால்களும் ஊன்றி நிற்கச் சொல்லும் முறையை மகப்பேறு நூல்கள் இன்று அந்தப் பெண்களில் ஒருவரான ஐனா மே காஸ்கின் பெயரால் குறிக்கின்றன. குவாத்தமாலாவின் பழங்குடி மருத்துவச்சிகளிடமிருந்து அவருக்கு வந்துசேர்ந்தது அது. காஸ்கின் இதை மறைக்கவில்லை. பெயரில்தான் அவர்கள் இல்லை.

நமக்கு நெருக்கமான ஒரு கடனும் உண்டு. இந்தத் தலைமுறை கொண்டாடிய 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' (1973) நூலில், பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில், நூலாசிரியர் ஷூமாக்கர் ஜே.சி. குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். தஞ்சாவூரில் பிறந்த குமரப்பா, இயற்கையின் வளத்தை அழிக்காத நிலைத்த பொருளாதாரம் பற்றி 1940களிலேயே எழுதியவர். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கழித்தார். ஜான் சீமோரின் தற்சார்புக் கையேட்டுக்கு (1976) முன்னுரை தந்ததும் ஷூமாக்கர்தான். அமெரிக்க நூல்களில் இந்த இழை மெலிந்தே தெரிகிறது. தமிழில் செய்யப்பட வேண்டிய ஆய்வு இது.

கணக்கை நேர்மையாக எழுத முயன்றவர்களில் வர்ஜீனியாவின் ட்வின் ஓக்ஸ் கம்யூன் (1967) முக்கியமானது. யாரும் விரும்பாத வேலைக்குக் கூடுதல் மதிப்பு என்று தொடங்கி, பிறகு எந்த வேலையானாலும் ஒரு மணிநேரம் ஒரு மணிநேரமே என்று வந்துசேர்ந்தார்கள். சமையல், பாத்திரம் கழுவல், பிள்ளை பராமரிப்பு எல்லாம் ஏட்டில் ஏறின. தற்சார்பு என்று சொல்லிக்கொண்டு சந்தையை மறைக்கவும் இல்லை: கயிற்று ஊஞ்சல் பின்னி நகரக் கடைகளுக்கு விற்றார்கள். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வாங்குவதை நிறுத்தியபோது வருமானம் சரிந்தது. அப்போது கைகொடுத்தவை டோஃபு தயாரிப்பும் பதிப்பகங்களுக்குச் சொல்லடைவு தொகுத்துக் கொடுக்கும் வேலையும்.